டீமை வித்துட்டுப் போங்க, பாப்!

இருபது ஆண்டுகள் விடாமல் தோற்ற ஒரு பேஸ்பால் அணி, அதை விட முடியாமல் தவிக்கும் ஒரு நகரம், ஜெயித்தே ஆக வேண்டிய கட்டாயம் இல்லாத ஒரு முதலாளி.

ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 13 அன்று மதியம், அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் பல்கலைக்கழகக் கட்டடங்களுக்கு நடுவே மிச்சமிருக்கும் ஒரு பழைய செங்கல் சுவரை ஒட்டிக் கூட்டம் சேர்கிறது. மடக்கு நாற்காலிகளோடு வந்து உட்கார்கிறார்கள். அங்கே ஒலிப்பது ஒரு பழைய வானொலி வர்ணனை. 1960-ம் ஆண்டு பேஸ்பால் உலகத் தொடரின் ஏழாவது ஆட்டம். பிட்ஸ்பர்க் பைரேட்ஸும் நியூயார்க் யாங்கீஸும் மோதின. கடைசி இன்னிங்ஸில் பில் மசரோஸ்கி அடித்த பந்து அந்த மைதானத்தின் இடதுபக்கச் சுவரைத் தாண்டிப் போனபோது மணி 3.36. ஒலிப்பதிவும் சரியாக அதே நிமிடத்தில் அந்த இடத்துக்கு வரும்படி நேரம் பார்த்துத்தான் ஓடவிடுகிறார்கள். மைதானம் போய்விட்டது, சுவரில் ஒரு துண்டுதான் பாக்கி. ஆனாலும் பந்து தாண்டியதும் எல்லோரும் கை தட்டுகிறார்கள்.

அந்தத் தொடர் முழுவதிலும் யாங்கீஸ் எடுத்த ரன் 55. பைரேட்ஸ் எடுத்தது 27. கோப்பை மட்டும் பிட்ஸ்பர்க்குக்கு வந்தது.

முடிவு தெரிந்த ஆட்டத்தைக் கேட்பதில் இவர்களுக்கு ஏன் இத்தனை ஆனந்தம் என்று கேட்டால், முடிவு தெரியாத ஆட்டங்கள் இவர்களைப் படுத்தியிருக்கும் பாடு அப்படி. பைரேட்ஸ் கடைசியாக உலகத் தொடரை வென்றது 1979-ல். அதற்குப் பிறகு இறுதிச் சுற்றுக்குக்கூடப் போனதில்லை. 1993 முதல் 2012 வரை தொடர்ந்து 20 சீசன்கள் வென்ற ஆட்டங்களைவிடத் தோற்ற ஆட்டங்களே அதிகம். வட அமெரிக்காவின் பெரிய தொழில்முறை விளையாட்டுகள் எதிலும் வேறெந்த அணியும் இப்படி ஒரு சாதனை படைத்ததில்லை.

பிட்ஸ்பர்க் என்றதும் நம்மவர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது பென் ஹில்ஸ் வேங்கடேஸ்வரர் கோயில். 1970-களில் எழுந்த, அமெரிக்காவின் ஆரம்பகால இந்துக் கோயில்களில் ஒன்று. பைரேட்ஸுக்கும் நமக்கும் வேறு ஒரு தொடர்பும் உண்டு. அதற்குப் பிறகு வருவோம்.

தினம் ஒரு தோல்வி

கிரிக்கெட் ரசிகரின் துக்கமும் பேஸ்பால் ரசிகரின் துக்கமும் ஒரே அளவில் வருவதில்லை. ஐ.பி.எல்-லில் ஓர் அணி லீக் சுற்றில் 14 ஆட்டம் ஆடுகிறது. இரண்டு மாதத்தில் அழுது முடித்துவிடலாம். அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பாலில் ஓர் அணிக்கு 162 ஆட்டங்கள். மார்ச் கடைசியில் தொடங்கி செப்டம்பர் கடைசி வரை ஏறக்குறைய தினமும் ஆட்டம் உண்டு. வேலை முடிந்து வந்து ரேடியோவைப் போட்டால் ஆட்டம். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால் ஆட்டம். அணி மோசமாக இருந்தால் அந்த ஆறு மாதமும் மாலைப் பொழுது கசந்தபடியே போகும்.

இந்த விளையாட்டில் இன்னொரு வம்பும் இருக்கிறது. மிக நல்ல அணியும் வருடத்தில் அறுபது ஆட்டம் தோற்கும். மிக மட்டமான அணியும் நாற்பது ஆட்டமாவது ஜெயிக்கும். 2024-ல் சிகாகோ வொயிட் சாக்ஸ் 121 ஆட்டங்களில் தோற்று நவீன பேஸ்பாலின் மிக மோசமான கணக்கை எழுதியது. அந்த அணிகூட 41 ஆட்டங்களில் வென்றது. அதாவது ரசிகர் முற்றாகக் கைகழுவிவிட முடியாதபடி வாரத்துக்கு ஓரிரு வெற்றி வந்து சேர்ந்துகொண்டே இருக்கும். போதை விடாமல் இருக்க அவ்வளவு போதும்.

அட்லாண்டாவில் ஒரு ராத்திரி

நாற்பது வயது தாண்டிய எந்த பைரேட்ஸ் ரசிகரிடமும் சிட் ப்ரீம் என்ற பெயரைச் சொல்லிப் பாருங்கள். முகம் மாறும்.

1990, 91, 92 மூன்று ஆண்டுகளும் பைரேட்ஸ் தன் பிரிவில் முதலிடம். நட்சத்திர ஆட்டக்காரர் பாரி பாண்ட்ஸ் அப்போது அவர்களிடம்தான் இருந்தார். 1992 அக்டோபர் 14, அட்லாண்டா. நேஷனல் லீக் இறுதிப் போட்டியின் ஏழாவது ஆட்டம். ஜெயித்தால் உலகத் தொடர். கடைசி இன்னிங்ஸில் அட்லாண்டா பிரேவ்ஸ் பேட் பிடிக்க வரும்போது பைரேட்ஸ் 2-0 என முன்னிலை. பிட்சர் டக் டிராபெக் அதுவரை பிரமாதமாக எறிந்திருந்தார். இன்னும் மூன்று பேரை அவுட் ஆக்க வேண்டும், அவ்வளவுதான்.

முதல் ஆள் நல்ல அடி அடித்து இரண்டாம் பேஸுக்குப் போய்விட்டார். அடுத்து உருண்டு வந்த சாதாரணப் பந்தை ஹோஸே லிண்ட் தவறவிட்டார். அந்தச் சீசனின் கோல்டு கிளவ் விருது, அதாவது சிறந்த ஃபீல்டர் விருது, அவருக்குத்தான் கிடைக்க இருந்தது. மூன்றாவதாக வந்தவர் சிட் ப்ரீம்; நான்கு தப்பான பந்துகளால் நடந்தே முதல் பேஸுக்குப் போனார். ஸ்டான் பெலிண்டாவைப் பந்து எறியக் கொண்டுவந்தார்கள். ஒரு ரன் போனது. இரண்டு பேர் அவுட். மிச்சம் ஒரே ஓர் அவுட். பிரேவ்ஸில் மாற்று ஆட்டக்காரர்கள் ஏறக்குறைய தீர்ந்துபோய், அந்தச் சீசனில் அதிகம் ஆடாத பிரான்சிஸ்கோ கப்ரேரா என்பவரை இறக்கினார்கள். அவர் இடதுபக்கம் அடித்தார். ஒரு ஆள் ஓடி வந்து ஸ்கோரைச் சமன் செய்தார். பின்னாலேயே இரண்டாம் பேஸிலிருந்து ப்ரீம் ஓடி வந்தார்.

ப்ரீமின் முழங்கால் பலமுறை அறுவை சிகிச்சை கண்டது. பேஸ்பாலில் அவரைவிட மெதுவாக ஓடுபவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பாண்ட்ஸ் பந்தை எடுத்து எறிந்தார். கொஞ்சம் விலகி வந்தது. கேட்சர் மைக் லாவாலியர் பிடித்துத் திரும்பிப் பாய்வதற்குள் ப்ரீமின் கால் பிளேட்டைத் தொட்டுவிட்டது. 3-2. நடு மைதானத்தில் நின்ற ஆண்டி வான் ஸ்லைக் அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார்.

இதில் உப்புக் காரம் சேர்க்க ஒன்று இருக்கிறது: சிட் ப்ரீம் 1990 வரை பைரேட்ஸுக்கு ஆடியவர். பிட்ஸ்பர்க்கைப் பிடித்துப்போய் அந்தப் பக்கத்திலேயே வீடு வைத்திருந்தவர்.

இரண்டு மாதத்தில் பாண்ட்ஸ் ஆறு ஆண்டுகளுக்கு 4 கோடியே 37 லட்சம் டாலர் ஒப்பந்தத்தில் சான்பிரான்சிஸ்கோவுக்குப் போனார். டிராபெக் ஹூஸ்டனுக்குப் போனார். அடுத்த ஆண்டு தொடங்கிய தோல்விக் கணக்கு, 1993-ல் பிறந்த பிள்ளை கல்லூரியில் சேர்ந்த பிறகும் முடியவில்லை.

இருபது வருஷ வனவாசம்

இந்த இருபது ஆண்டுகளில் வெறும் துரதிர்ஷ்டத்தின் பங்கு குறைவு. பெரும்பகுதி, முடிவெடுத்தவர்களின் கைங்கரியம்.

2001-ல் ஆற்றங்கரையில் பி.என்.சி. பார்க் என்ற புதிய மைதானம் திறந்தார்கள். அலெகெனி ஆறு, மஞ்சள் பாலம், அதற்குப் பின்னே நகரத்தின் வானளாவிய கட்டடங்கள். அமெரிக்காவின் அழகான பேஸ்பால் மைதானம் எது என்ற பட்டியலில் அது இன்றும் முதல் வரிசை. ஆட்ட நாளில் பாலத்தில் வண்டிகளை நிறுத்திவிட்டு ஜனங்களை நடக்க விடுவார்கள். மைதானத்துக்காக விற்பனை வரியைக் கூட்டலாமா என்று 1997-ல் வாக்கெடுப்பு நடத்தியபோது மக்கள் வேண்டாம் என்றார்கள். அதன் பிறகு வேறு வழியில் பொதுப் பணம் ஒதுக்கப்பட்டது. நல்ல மைதானம் வந்தால் வருமானம் கூடும், வருமானம் கூடினால் நல்ல அணியைக் கட்டலாம் என்பதுதான் அப்போது சொல்லப்பட்ட வாக்குறுதி.

முதல் ஆட்டம் ஏப்ரல் 9. அன்று விடிகாலையில் 1979 கோப்பையின் நாயகன் வில்லி ஸ்டார்ஜெல் இறந்துபோனார். இரண்டு நாள் முன்புதான் மைதான வாசலில் அவர் சிலையைத் திறந்திருந்தார்கள். அன்றைய ஆட்டத்தில் 8-2 எனத் தோல்வி. அந்த ஆண்டு மொத்தம் 100 தோல்விகள்.

அமெரிக்க விளையாட்டுகளில் மோசமான அணிக்கு ஓர் ஆறுதல் பரிசு உண்டு. இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் முன்வரிசை கிடைக்கும். 2002-ல் பைரேட்ஸுக்கு முதல் வாய்ப்பே கிடைத்தது. அவர்கள் எடுத்த பிரையன் புல்லிங்டன் என்ற பிட்சர் மேஜர் லீக்கில் மொத்தம் வென்றது ஒரே ஓர் ஆட்டம். அதே டிராஃப்டில் ஆறாவதாகப் போனவர் சாக் கிரெய்ன்கி, ஏழாவதாகப் போனவர் பிரின்ஸ் ஃபீல்டர். இருவருமே அந்தத் தலைமுறையின் பெரிய பெயர்கள். 2003-ல் 25 வயதான அராமிஸ் ராமிரெஸை சிகாகோ கப்ஸுக்குத் தள்ளிவிட்டு வாங்கியது என்ன என்று இன்று கேட்டால், ரசிகர்கள் பெயர் சொல்லாமல் கையை விரிக்கிறார்கள். ராமிரெஸ் அதற்குப் பிறகும் ஒரு டஜன் வருஷம் அடித்துத் தள்ளினார்.

2007 ஜூன் 30 அன்று ரசிகர்கள் ஒரு போராட்டம் நடத்தினார்கள். டிக்கெட் வாங்கி உள்ளே வந்து, மூன்றாவது இன்னிங்ஸ் முடிந்ததும் எழுந்து வெளிநடப்பு. முதலாளிக்குக் காசு ஏற்கெனவே போய்ச் சேர்ந்துவிட்டது என்பதால் அவருக்கு வலித்திருக்காது. அந்த மாதமே டிராஃப்டில் மேட் வீட்டர்ஸ் என்ற பேர்போன கேட்சரை விட்டுவிட்டு வேறொரு பிட்சரை அணி எடுத்திருந்தது. வீட்டர்ஸ் கேட்ட தொகை அதிகம் என்பதால்தான் விட்டார்கள் என்பது ஊரறிந்த பேச்சு.

பிறகு 2010 ஆகஸ்டில் குட்டு உடைந்தது. டெட்ஸ்பின் என்ற விளையாட்டுத் தளத்தின் கையில் அணியின் கணக்கு வழக்குகள் கசிந்தன. தோற்றுக்கொண்டிருந்த 2007, 2008 ஆண்டுகளில் அணிக்குக் கிடைத்த லாபம் 2 கோடியே 90 லட்சம் டாலருக்கு மேல். ஏழை அணி, சின்ன ஊர், பணமில்லை என்று அதுவரை கேட்டுவந்த பேச்சை ரசிகர்கள் வேறு காதால் கேட்க ஆரம்பித்தது அன்றிலிருந்துதான். என்னைக் கேட்டால், இந்த அணியின் வரலாற்றில் ப்ரீமின் ஓட்டத்தைவிட இந்தக் காகிதங்கள்தான் பெரிய சேதம் செய்தன. ஓட்டத்தை விதி என்று சொல்லித் தேற்றிக்கொள்ளலாம். லாபத்தை அப்படிச் சொல்லித் தேற்றிக்கொள்ள முடியாது.

விதியும் தன் பங்குக்கு விளையாடியது. 2011 ஜூலையில் அணி முதலிடத்துக்குப் போட்டி போட்டுக்கொண்டிருந்தபோது, மறுபடி அட்லாண்டாவில், 19 இன்னிங்ஸ் நீண்ட ஆட்டம். நள்ளிரவு தாண்டி, கேட்சர் தொட்டுவிட்ட ஓட்டக்காரரை அம்பயர் ஜெர்ரி மீல்ஸ் 'சேஃப்' என்றார். ஆட்டம் போயிற்று. மறுநாள் லீக்கே அந்தத் தீர்ப்பு தவறு என்றது. அணி அதற்குப் பிறகு சரிந்து 90 தோல்விகளில் முடிந்தது. 2012-ல் ஆகஸ்ட் தொடக்கத்தில் 63 வெற்றி, 47 தோல்வி. இந்த முறை நிச்சயம் என்று எல்லோரும் நம்பியபோது, மீதி 52 ஆட்டங்களில் 36 தோற்றார்கள்.

கியூட்டோ... கியூட்டோ...

2013 செப்டம்பர் 9 அன்று 21 வருஷத்துக்குப் பிறகு தோல்வியைவிட அதிக வெற்றி உறுதியானது. அக்டோபர் 1, பி.என்.சி. பார்க்கில் ஒற்றை ஆட்டத் தகுதிச் சுற்று. நாற்பதாயிரம் பேர் கறுப்பு உடை அணிந்து வந்தார்கள். எதிரணி சின்சினாட்டி பிட்சர் ஜானி கியூட்டோவின் பெயரைக் கூட்டம் இழுத்து இழுத்துப் பாடத் தொடங்கியது. கியூட்டோவின் கையிலிருந்து பந்து நழுவிக் கீழே விழுந்தது. மைதானம் அதிர்ந்தது. அவர் எறிந்த அடுத்த பந்தை ரஸ்ஸல் மார்ட்டின் சுவருக்கு வெளியே அனுப்பினார்.

அந்தப் பத்து வினாடிகளுக்காக இருபது வருஷம் காத்திருந்தது தகும் என்று அன்று அங்கே இருந்தவர்கள் சொல்வார்கள். சொல்லட்டும். ஆனால் கணக்குப் பார்த்தால் அதற்குப் பிறகு கிடைத்தது கொஞ்சம்தான். அந்த ஆண்டு அடுத்த சுற்றில் செயின்ட் லூயிஸிடம் தோல்வி. 2014-ல் ஒற்றை ஆட்டத்தில் மேடிசன் பம்கார்னரிடம் 8-0. 2015-ல் 98 வெற்றி. 30 அணிகளில் அதைவிட அதிகம் வென்றது ஒரே ஓர் அணிதான். அந்த அணியும் அதே பிரிவில் இருந்ததால் பைரேட்ஸ் மறுபடி ஒற்றை ஆட்டம் ஆட வேண்டியதாயிற்று. ஜேக் அரியெட்டா 4-0 என முடித்துவைத்தார். அந்த ஆண்டு மைதானத்துக்கு வந்தவர்கள் ஏறக்குறைய 25 லட்சம் பேர், அணியின் வரலாற்றிலேயே அதிகம்.

98 வெற்றி பெற்ற அணியை இன்னும் பலப்படுத்துவார்கள் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். அந்த டிசம்பரில் உள்ளூர்ப் பையன் நீல் வாக்கரை நியூயார்க் மெட்ஸுக்கு அனுப்பினார்கள். 2018 ஜனவரியில் ஒரே வாரத்தில் கெரிட் கோலும், 2013-ன் மிகச் சிறந்த வீரர் விருது பெற்ற ஆண்ட்ரூ மெக்கட்சனும் போனார்கள். கோல் பிறகு யாங்கீஸில் 32 கோடியே 40 லட்சம் டாலர் ஒப்பந்தம் வாங்கினார். அதே ஆண்டு ஜூலையில், திடீரென ஞானோதயம் வந்ததுபோல், கிறிஸ் ஆர்ச்சர் என்ற பிட்சரை வாங்க டைலர் கிளாஸ்னோ, ஆஸ்டின் மெடோஸ், ஷேன் பாஸ் மூவரையும் கொடுத்தார்கள். ஆர்ச்சர் பிட்ஸ்பர்க்கில் சோபிக்கவில்லை. கிளாஸ்னோ 2025-ல் லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் அணியில் உலகத் தொடரை வென்றார். 2021-ல் 101 தோல்வி, 2022-ல் 100 தோல்வி என்று பைரேட்ஸ் பழைய வீட்டுக்கே திரும்பியது.

தோற்றாலும் லாபம்

பாப் நட்டிங், பக்கத்து மாநிலமான மேற்கு வர்ஜீனியாவின் பத்திரிகை முதலாளிக் குடும்பத்தைச் சேர்ந்தவர். 2007 முதல் அணியின் முதன்மை உரிமையாளர். 1996-ல் ஒரு முதலீட்டாளர் குழு பத்துக் கோடி டாலருக்கும் குறைவாக வாங்கிய அணியின் மதிப்பு, ஃபோர்ப்ஸ் கணிப்பில் இன்று 100 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. கோப்பை வாங்கியா இத்தனை மடங்கு ஏறியது?

இது எப்படி நடக்கிறது என்று நம் வாசகர்களுக்குச் சொல்ல ஐ.பி.எல்-லையே எடுத்துக்கொள்ளலாம். 2025 மெகா ஏலத்தில் ஒவ்வோர் அணிக்கும் 120 கோடி ரூபாய் உச்சவரம்பு. மும்பைக்கும் லக்னோவுக்கும் ஒரே அளவு பணப்பைதான். அதில் குறைந்தது 75 சதவிகிதத்தைச் செலவழித்தே ஆக வேண்டும் என்ற விதியும் உண்டு. மேஜர் லீக் பேஸ்பாலில் உச்சவரம்பு கிடையாது. ஓர் அளவைத் தாண்டினால் வரி கட்டினால் போதும். டாட்ஜர்ஸ், ஷோஹெய் ஓதானி ஒருவருக்கே பத்து ஆண்டுகளுக்கு 70 கோடி டாலர் தருகிறது. 2025 வரை பைரேட்ஸ் எழுதிய மிகப் பெரிய ஒப்பந்தம் பிரையன் ரெனால்ட்ஸுக்கு. எட்டு ஆண்டுகளுக்கு 10 கோடியே 67 லட்சம். இது வரைக்கும், சின்ன ஊர், பணமில்லை என்ற நட்டிங்கின் வாதம் நியாயமானதே. லாஸ் ஏஞ்சலிஸோடு பிட்ஸ்பர்க் பணத்தில் போட்டி போட முடியாது.

ஆனால் இந்த லீக்கில் கீழ்வரம்பும் கிடையாது. ஒவ்வோர் அணியும் தன் உள்ளூர் வருமானத்தில் 48 சதவிகிதத்தைப் பொதுத் தொகுப்பில் போட்டு எல்லோரும் சமமாகப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். தேசியத் தொலைக்காட்சிப் பணமும் சமபங்கு. சிறிய ஊர் அணிகளைத் தூக்கிவிடுவதற்கான ஏற்பாடு இது. வந்த பணத்தை ஆட்டக்காரர்களுக்குச் செலவழிக்காமல் வைத்துக்கொண்டால்? 2018-ல் ஆட்டக்காரர் சங்கம் நான்கு அணிகள் மீது இதே புகாரை எழுப்பியது. அந்த நான்கில் பைரேட்ஸும் ஒன்று. இங்கிலாந்துக் கால்பந்தில் கடைசியில் வந்தால் கீழ்ப் பிரிவுக்குத் தள்ளுவார்கள். இங்கே அந்தப் பயமும் இல்லை. கடைசியில் வந்தால் டிராஃப்டில் நல்ல பையன் கிடைப்பான். ஆறு வருஷம் குறைந்த சம்பளத்தில் ஆடுவான். சம்பளம் ஏறும் நேரத்தில் விற்றுவிடலாம்.

சின்ன ஊர் என்ற சமாதானத்தை உடைக்கப் பிட்ஸ்பர்க்காரர்கள் தூரம் போக வேண்டாம். மில்வாக்கி அதே பிரிவில்தான் ஆடுகிறது. பிட்ஸ்பர்க்கைவிடச் சிறிய சந்தை. 2025-ல் 97 வெற்றியோடு லீக்கிலேயே அதிக வெற்றி பெற்ற அணி மில்வாக்கி புரூவர்ஸ். பிட்ஸ்பர்க்குக்குள்ளேயே இன்னும் இரண்டு உதாரணம் இருக்கின்றன. அமெரிக்கக் கால்பந்து அணி ஸ்டீலர்ஸ் 2006-லும் 2009-லும் சூப்பர் பவுல் வென்றது. ஐஸ் ஹாக்கி அணி பெங்குவின்ஸ் 2009, 2016, 2017-ல் ஸ்டான்லி கோப்பையை வென்றது. அதே ஊர், அதே கறுப்பு-மஞ்சள் நிறம், அதே ஜனம். அந்த இரண்டு விளையாட்டிலும் செலவுக்கு உச்சவரம்பும் உண்டு, கீழ்வரம்பும் உண்டு.

செங்கலும் 21-ம்

2025 போன்ற ஒரு வருஷத்தை வேண்டுமென்று திட்டம் போட்டாலும் நடத்த முடியாது. ஜனவரியில் அணியே நடத்திய ரசிகர் விழாவில் 'டீமை வித்துடு' கோஷம் எழுந்தது. ஏப்ரலில் சொந்த ஊரில் முதல் ஆட்டத்தன்று அதே வாசகம் தாங்கிய பதாகையோடு வானத்தில் விமானம் பறந்தது. ரசிகர்கள் பணம் போட்டு ஏற்பாடு செய்தது.

அதே மாதம் வலதுபக்கச் சுவரில் இருந்த 21 என்ற எண் காணாமல் போயிருப்பதை ரசிகர்கள் கவனித்தார்கள். அந்த இடத்தில் ஒரு மதுபான விளம்பரம். 21 என்பது ரோபர்ட்டோ கிளெமென்டேயின் எண். போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்து பைரேட்ஸுக்காகச் சரியாக 3,000 ஹிட் அடித்தவர். 1972 டிசம்பர் 31 அன்று, நிலநடுக்கத்தால் பாதிக்கப்பட்ட நிகரகுவாவுக்கு நிவாரணப் பொருள் ஏற்றிச் சென்ற விமானம் கடலில் விழுந்து, 38 வயதில் இறந்தவர். அந்தச் சுவரின் உயரமே அவர் நினைவாக 21 அடி. அதன்மேல் மது விளம்பரம் ஒட்டும் யோசனை யாருக்கு வந்ததோ! எதிர்ப்புக் கிளம்பியதும் மன்னிப்புக் கேட்டு எண்ணைத் திரும்பப் போட்டார்கள்.

அந்தச் சூடு ஆறுவதற்குள் செங்கல் விவகாரம். மைதானம் திறந்த சமயத்தில் ரசிகர்கள் காசு கொடுத்துத் தங்கள் பெயரையோ, இறந்துபோன அப்பா அம்மா பெயரையோ பொறித்த செங்கற்களை வாசல் நடைபாதையில் பதித்திருந்தார்கள். நடைபாதையைப் புதுப்பித்தபோது அந்தச் செங்கற்கள் பெயர்க்கப்பட்டு ஒரு மறுசுழற்சிக் கிடங்கில் குவிந்து கிடக்கும் படம் வெளியானது. தோல்வியை மன்னித்தவர்களும் இதை மன்னிக்கவில்லை. மே மாதம் 12 வெற்றி, 26 தோல்வி என்ற நிலையில் மேலாளர் டெரெக் ஷெல்டன் நீக்கப்பட்டார். கடைசியில் 71 வெற்றி, 91 தோல்வி.

இத்தனைக்கும் நடுவே பால் ஸ்கீன்ஸ் என்ற பையன். 2023 டிராஃப்டில் முதலில் எடுக்கப்பட்டவர், 2024-ல் ஆண்டின் சிறந்த புதுமுகம். 2025-ல் ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் விட்டுக்கொடுத்த ரன் சராசரி 1.97. சிறந்த பிட்சருக்கான சை யங் விருது ஒரு வாக்குகூடச் சிதறாமல் அவருக்கே வந்தது. அந்த ஆண்டு அவர் கணக்கில் எத்தனை வெற்றி தெரியுமா? 10 வெற்றி, 10 தோல்வி. இவர் ரன் கொடுக்காமல் எறிந்தாலும், அணிக்காரர்கள் ரன் எடுத்தால்தானே? அந்த ஆண்டு ஹோம் ரன் கணக்கில் பைரேட்ஸ் 30 அணிகளில் கடைசி. அவர் எறியும் நாளில் மட்டும் ரசிகர்கள் திரண்டு வருகிறார்கள், நல்ல சங்கீதக்காரர் பக்கவாத்தியம் சரியில்லாமல் பாடுவதைக் கேட்கப் போவதுபோல. 2029 சீசன் முடிந்ததும் அவர் விருப்பப்பட்ட அணிக்குப் போகலாம். அதற்கு முன்பே விற்றுவிடுவார்கள் என்று பாதி ஊர் நம்புகிறது.

ஏன் விட்டுத் தொலைக்கவில்லை?

நட்டிங்குக்குப் பாடம் புகட்ட மைதானத்தைப் புறக்கணிக்கலாம் என்று ஒரு கட்சி. புறக்கணித்தால் கலிபோர்னியாவின் ஓக்லேண்டுக்கு நடந்தது நமக்கும் நடக்கும் என்று இன்னொரு கட்சி. ஓக்லேண்ட் ஏ'ஸ் அணியின் ரசிகர்கள் 2023 ஜூன் 13 அன்று தலைகீழ்ப் புறக்கணிப்பாக மைதானத்தை நிரப்பி 'வித்துடு' என்று முழங்கிப் பார்த்தார்கள். முதலாளி ஜான் ஃபிஷர் லாஸ் வேகாஸுக்கு அணியைக் கொண்டுபோகும் முடிவை மாற்றவில்லை. 2024-க்குப் பிறகு ஓக்லேண்டில் பெரிய லீக் பேஸ்பாலே இல்லை. போனாலும் வம்பு, போகாவிட்டாலும் வம்பு.

போகிறவர்களுக்கு மைதானத்தில் வேறு சுகங்கள் தயாராக இருக்கின்றன. வாணவேடிக்கை ராத்திரிகள், இலவசத் தலையாட்டி பொம்மைகள், இன்னிங்ஸ் இடைவேளையில் பியரோகி என்ற, ஊருக்குப் பிடித்த பண்டத்தின் வேஷம் போட்டவர்கள் ஓடும் ஓட்டப் பந்தயம். அணி ஆடுவதைப் பார்க்காமலே ஒரு நல்ல சாயங்காலத்தைக் கழித்துவிடலாம். முதலாளியின் சாமர்த்தியமே அங்கேதான் இருக்கிறது என்று கசப்போடு ஒப்புக்கொள்கிறார்கள்.

இனி, பைரேட்ஸுக்கும் நமக்கும் உண்டு என்று முதலில் சொன்ன அந்தத் தொடர்பு. 2008-ல் இந்தியாவில் வேகமாகப் பந்து எறிபவரைத் தேடி 'மில்லியன் டாலர் ஆர்ம்' என்ற போட்டி நடந்தது. அதில் தேறிய ரிங்கு சிங், தினேஷ் பட்டேல் என்ற உத்தரப்பிரதேச ஈட்டி எறிதல் பையன்கள் இருவரையும் ஒப்பந்தம் செய்தது பைரேட்ஸ்தான். இந்தக் கதையை வைத்து 2014-ல் வந்த ஹாலிவுட் படத்துக்கு இசை ஏ.ஆர்.ரஹ்மான். இருவரும் மேஜர் லீக்கை எட்டவில்லை. ரிங்கு பிறகு மல்யுத்த மேடைக்குப் போனார். அந்த ஒப்பந்தம் நடந்தபோது பைரேட்ஸின் தோல்வித் தொடர் 16-வது சீசனைத் தொட்டிருந்தது. கிரிக்கெட் தேசத்திலிருந்து பிட்சர் தேடியது தொலைநோக்கா, நிர்ப்பந்தமா என்று அன்றே பிட்ஸ்பர்க்கில் கிண்டல் உண்டு.

ரசிகர்களின் இப்போதைய நம்பிக்கை வேறு இடத்தில் இருக்கிறது. முதலாளிகளுக்கும் ஆட்டக்காரர் சங்கத்துக்கும் இடையிலான இப்போதைய ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1-ல் முடிகிறது. முதலாளிகள் தரப்பில் சம்பள உச்சவரம்புப் பேச்சு பலமாக அடிபடுகிறது. சங்கம் அதை ஏற்காது. 1994-ல் இதே சண்டையில் வேலைநிறுத்தம் வந்து உலகத் தொடரே ரத்தானது. பிட்ஸ்பர்க் ரசிகர்களில் பலர் உச்சவரம்பு வந்தால் விடிவு என்று நினைக்கிறார்கள். ஆனால் டாட்ஜர்ஸின் செலவைக் குறைத்துவிட்டால் நட்டிங்கின் செலவு தானாக ஏறிவிடாது. குறைந்தது இவ்வளவு செலவழித்தே தீர வேண்டும் என்ற கீழ்வரம்பை எழுதாத எந்த ஒப்பந்தமும் அந்த ரசிகர்களுக்குப் பத்துப் பைசா பிரயோஜனப்படாது.